பத்துப் பேருக்கு ஒரு எல்.எம்.ஜி.

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடு எங்க தாத்தா தோள்பட்டையில இருந்து ஆரம்பிக்குது.

எங்க ஊரு ஆம்பூர் பக்கம். அப்பா ஷூ கம்பெனியில சாம்பிள் செக்‌ஷன். தாத்தா ரிட்டயர்ட் ஹவில்தார். வீட்டுல சட்டை போடாம உக்காந்திருப்பார். வலது தோள்ல, காலர் எலும்புக்கு மேல, தோல் கொஞ்சம் தடிச்சு கருத்திருக்கும். சின்ன வயசுல அது ஏதோ குண்டு பட்ட தழும்புன்னு நினைச்சு ஸ்கூல்ல கதை எல்லாம் விட்டிருக்கேன். ஒரு நாள் தாத்தாகிட்டயே கேட்டேன். "குண்டும் இல்ல ஒண்ணும் இல்ல கண்ணு. எல்.எம்.ஜி. தூக்குன காய்ப்பு" என்றார்.

எல்.எம்.ஜி. என்றால் இலகுரக இயந்திரத் துப்பாக்கி. 'இலகு' என்ற வார்த்தையைக் கேட்டால் தாத்தாவுக்குச் சிரிப்பு வரும். ஒரு ராணுவம் இந்தத் துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுக்குது, யார் முடிவு பண்றாங்க, அந்த முடிவு கடைசியில யார் தோள்ல போய் உக்காருது, இதுதான் இன்னைக்கு கதை. கதை இஷாப்பூர், செக்கோஸ்லோவாகியா, இஸ்ரேல்னு சுத்தும். ஆனா ஆரம்பிக்கிற இடம் வேலூர்க் கோட்டை.

1806: ஒரு தலைப்பாகை, ஒரு பீரங்கி

வேலூர்ப் புரட்சியை ஸ்கூல் புக்குல எல்லாரும் படிச்சிருப்போம். 1805 நவம்பரில் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் புது உத்தரவு வருது. சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி வைக்கக் கூடாது, தாடி எடுக்கணும், புது மாதிரித் தலைப்பாகை போடணும். அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த இலச்சினை ஒண்ணு இருந்தது. என்ன மிருகத்தின் தோல் என்ற சந்தேகம் இந்து, முஸ்லிம் இரண்டு தரப்பு சிப்பாய்களையும் கொதிக்க வெச்சது. 1806 மே மாதம் போட மறுத்தவர்களுக்குக் கசையடித் தண்டனை. ஜூலை 10 விடியற்காலை கோட்டைக்குள் புரட்சி வெடித்தது.

காரணம் தலைப்பாகை மட்டும் இல்ல. திப்புவின் குடும்பம் அந்தக் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தது. சம்பளக் குறையும் இருந்தது. ஆனா நம்ம கதைக்குத் தேவையான விஷயம் இது: சிப்பாய் உடம்புல போட வேண்டிய ஒரு பொருளை, சிப்பாயைக் கேக்காம, மேலே இருந்தவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தக் காலையில் இன்னொரு விஷயமும் நடந்தது. தகவல் போய் ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு கிளம்பினார். தூரம் சுமார் 25 கிலோமீட்டர். அவர் முன்னால் பாய்ந்து வந்துவிட்டார், ஆனா கோட்டைக் கதவை உடைக்க ஆயுதம் வேணும். பின்னாலேயே வந்தவை 'கேலப்பர்' பீரங்கிகள். ரெண்டு சக்கரம், குதிரை இழுக்கும், குதிரைப்படையோடு சேர்ந்தே ஓடக்கூடிய சின்ன பீரங்கி. பெரிய முற்றுகைப் பீரங்கியை அன்று காலைக்குள் கொண்டுவந்திருக்க முடியாது. சின்னது வந்தது, கதவை உடைச்சது, சில மணி நேரத்தில் எல்லாம் முடிஞ்சது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

நம்ம ஊர்க் கோட்டையிலேயே பாடம் இருக்கு பாருங்க. ஆயுதம் எவ்வளவு பலமானது என்பதோடு, ஆளோடு சேர்ந்து அது நகருமா என்பதும் முக்கியம். எல்.எம்.ஜி. பிறந்ததே அந்த ரெண்டாவது கேள்வியில்தான்.

அப்போ இயந்திரத் துப்பாக்கி ஏன் இளைக்கணும்?

முதல் உலகப் போர் ஆரம்பிச்சப்போ ஒரு பட்டாலியனுக்கு ரெண்டு இயந்திரத் துப்பாக்கிதான். விக்கர்ஸ் மாதிரியான ஒண்ணை எடுத்துக்கோங்க. துப்பாக்கி, முக்காலி, பேரலைக் குளிர்விக்கும் தண்ணீர், எல்லாம் சேர்ந்தா 40 கிலோவுக்கு மேல. ஒரு இடத்தில் உக்காந்து சுட அருமையான ஆயுதம். ஆனா முன்னேறி ஓடுற ஆளோடு அது ஓடாது.

அதனால் வந்தது லூயிஸ் துப்பாக்கி. சுமார் 13 கிலோ, மேலே தட்டு மாதிரி 47 குண்டு மேகசின். ஒரே ஆள் தூக்கலாம். பிரெஞ்சு ராணுவம் ஷோஷா என்று ஒண்ணைத் தேர்ந்தெடுத்தது. எடை 10 கிலோகூட இல்ல, சுலபமா, சீப்பா செய்யலாம். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனா அதன் மேகசினில் ஒரு பக்கம் திறந்திருக்கும், குண்டு எத்தனை மிச்சம்னு பாக்கலாம்னு. பதுங்குகுழிச் சேறு அந்தத் திறப்பு வழியா உள்ளே போச்சு. துப்பாக்கி நின்னுச்சு.

இதே போருக்கு நம்ம பக்கத்திலிருந்தும் சரக்கு போனது, ஆளும் போனாங்க. மெட்ராஸ் மாகாணத்துத் தோல் தொட்டிகளில் ஆவாரம் பட்டை போட்டுப் பதப்படுத்திய மாட்டுத் தோல், 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பேரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலாகப் போனது. 1917-ல் அமைக்கப்பட்ட இந்திய மியூனிஷன்ஸ் போர்டு அந்த வியாபாரத்தையே தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. ஆள்? வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு கல்வெட்டு இருக்கு. இங்கிருந்து 277 பேர் போருக்குப் போனாங்க, அதுல 14 பேர் உயிரைக் கொடுத்தாங்கன்னு. அடுத்த தடவை பஜாருக்குப் போனா அண்ணாந்து பாருங்க.

தேர்வு ஒன்று: இந்தியா தனியா எடுத்த முடிவு

போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ் ராணுவம் லூயிஸுக்கு மாற்று தேட ஆரம்பிச்சது. 1920-களில் பல நாட்டு மாடல்களைச் சுட்டுப் பாத்தாங்க. முன்னணியில் இருந்தது விக்கர்ஸ்-பெர்த்தியே. ஆந்த்ரே பெர்த்தியே என்ற பிரெஞ்சுக்காரரின் வடிவமைப்பு. 1925-ல் விக்கர்ஸ் கம்பெனி உரிமையை வாங்கி வெச்சிருந்தது.

அப்புறம் 1930-ல் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து ஒரு துப்பாக்கி வந்தது. புர்னோ நகர ஆலையில் வாட்ஸ்லாவ் ஹோலெக் வடிவமைத்த இசட்.பி. 26. சோதனையில் பாத்தவங்க அசந்துட்டாங்க. ஆனா ஒரு சிக்கல். அது வேற குண்டுக்குச் செய்தது. பிரிட்டிஷ் குண்டு 303. அந்தக் குண்டின் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கிட்டிருக்கும். மேகசினில் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும்போது மேல் குண்டின் விளிம்பு கீழ்க் குண்டு விளிம்புக்குப் பின்னால் சிக்கினால் ஜாம். அதனால்தான் மேகசினை வாழைக்காய் மாதிரி வளைக்கணும். துப்பாக்கியின் உள்வேலையையும் மாத்தணும். இந்த மாத்து வேலைக்கே வருஷங்கள் போச்சு. 1934-ல் இறுதிச் சோதனைகள், 1935-ல் உரிமம், 1937-ல் என்ஃபீல்டு ஆலையில் உற்பத்தி. புர்னோவின் முதல் ரெண்டு எழுத்தும் என்ஃபீல்டின் முதல் ரெண்டு எழுத்தும் சேர்ந்து 'பிரென்' ஆச்சு.

இந்திய ராணுவம் அதுவரைக்கும் காத்திருக்கல. 1930-களின் தொடக்கத்திலேயே விக்கர்ஸ்-பெர்த்தியேவை எடுத்துக்கிச்சு. வங்காளத்தில் இஷாப்பூர் ஆலையில் உற்பத்தியும் ஆரம்பிச்சது. ஒரே சாம்ராஜ்யம், ஒரே குண்டு, ஆனா ரெண்டு துப்பாக்கி.

பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். மேலே வளைஞ்ச மேகசின், முன்னால ரெண்டு கால், சுமார் 10 கிலோ. பழைய போட்டோக்களில் விக்கர்ஸ்-பெர்த்தியேவைப் பாத்து பிரென்னு சொல்றவங்க இன்னைக்கும் இருக்காங்க.

வரலாற்றுப் புத்தகங்கள் இந்தத் துப்பாக்கியைத் தோத்தவன் மாதிரி பேசும். பிரென் ஜெயிச்சுது, இது ரெண்டாவது இடம். எனக்கு அது முழு நியாயமா படல. 1932, 33-ல் உக்காந்து யோசிங்க. ஒரு பக்கம் கையில் தயாரா இருக்கிற, நம்ம ஆலையிலேயே செய்யக்கூடிய, நல்லாவே சுடுற துப்பாக்கி. இன்னொரு பக்கம் இதைவிடச் சிறந்தது, ஆனா நம்ம குண்டுக்கு இன்னும் சரியாகல, எப்போ வரும்னு தெரியாது. நீங்க எதை எடுப்பீங்க?

1940-ல் டன்கர்க்கிலிருந்து பின்வாங்கியபோது பிரிட்டிஷ் படை ஆயிரக்கணக்கான பிரென்களை பிரான்சிலேயே விட்டுட்டு வந்தது. பிரிட்டனுக்கே பற்றாக்குறை. அந்த நேரத்தில் இந்தியப் படைகள் கையில் இஷாப்பூரில் செய்த துப்பாக்கி இருந்தது. போரின் தொடக்க ஆண்டுகளில் இந்தியச் சிப்பாய்கள் அதோடுதான் போனாங்க. பிரென் நிறைய வர ஆரம்பிச்சதும் அது மெல்லப் பின்னால் போனது. அதே வடிவமைப்பிலிருந்து வந்த விக்கர்ஸ் கே என்ற விமானத் துப்பாக்கியை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜீப்புகளில் மாட்டி வெளுத்து வாங்கினாங்க.

ஆனா இதுக்கு ஒரு விலையும் இருந்தது. ஒரே சாம்ராஜ்யப் படையில் ரெண்டு வகைத் துப்பாக்கி என்றால் ரெண்டு வகை உதிரிபாகம், ரெண்டு வகைப் பயிற்சி. சப்ளை பாக்கிறவங்களுக்குத் தலைவலி. அப்போ நல்ல துப்பாக்கியா, நம்ம துப்பாக்கியா? இந்தக் கேள்வி அப்புறம் திரும்பத் திரும்ப வரும்.

தேர்வு இரண்டு: தாத்தாவோட துப்பாக்கி

சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ராணுவத்தின் எல்.எம்.ஜி. பிரென்தான். 1962 சீனப் போரிலும் அதுதான். அந்தத் தோல்விக்கு அப்புறம் ராணுவம் வேகமாகப் பெருசாச்சு, ஆள் எடுத்தாங்க. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருத்தராவது ராணுவத்துக்குப் போனவங்கன்னு பேர் வாங்கின ஊர்கள் உண்டு. எங்க ஊரு அந்த அளவுக்கு இல்லன்னாலும் தாத்தா போனார். 1963. தோல் ஷாப்பில் கூலிக்கு நின்னுக்கிட்டிருந்த பையன். வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையம். ஆள் கட்டுமஸ்தா இருந்ததால எல்.எம்.ஜி. நம்பர் ஒன்.

ஒரு செக்‌ஷன்னா பத்துப் பேர். அந்தப் பத்துப் பேருக்கு ஒரு எல்.எம்.ஜி. சுடுறவர் நம்பர் ஒன். கூடவே மேகசினும் மாத்துப் பேரலும் தூக்கிட்டு ஓடுறவர் நம்பர் டூ. மத்தவங்க முன்னேறும்போது எதிரியைத் தலை தூக்க விடாம அமுக்கி வைக்கிறது இந்த ரெண்டு பேர் வேலை. இவங்க துப்பாக்கி நின்னா மத்த எட்டுப் பேரும் வெட்டவெளியில நிக்கறாங்க. அதனால எதிரி முதல்ல தேடுறதும் இவங்களைத்தான்.

தாத்தா சொல்வார்: "பத்து கிலோன்னு எழுதி வெச்சிருப்பான். ஏத்தத்துல ஓடினு இருக்கறப்போ அது பத்து கிலோ இல்ல. இன்னா வெயிட்டுன்னு உன் தோள்தான் சொல்லும்." வேகமா சுட்டா பத்து மேகசினுக்கு ஒரு தரம் பேரலை மாத்தணும். இல்லன்னா சூட்டில் பேரல் போயிடும். பழைய பேரலை மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சுக் கழட்டி, புதுசை மாட்டணும். சில விநாடிதான். இருட்டுல, கண்ணைக் கட்டிக்கிட்டு எல்லாம் பழகியிருக்காங்க.

1960-களில் ராணுவம் 303-லிருந்து 7.62 மில்லிமீட்டர் குண்டுக்கு மாறியது. இந்தக் குண்டில் அந்த வெளியே நீட்டுற விளிம்பு கிடையாது. துப்பாக்கியை என்ன பண்றது? புதுசு தேடல. பிரென்னையே 7.62-க்கு ஏத்த மாதிரி மாத்தி, கான்பூர் சிறு ஆயுத ஆலையில் '1பி' என்ற பேரில் செஞ்சாங்க. வாழைக்காய் மேகசின் கிட்டத்தட்ட நேரா ஆயிடுச்சு. தாத்தா ரெண்டையும் தூக்கியவர். 1971-ல் மேற்கு எல்லையில் இருந்தார். வித்தியாசம் என்னன்னு கேட்டேன். "மேகசின் நேராச்சு. மத்தபடி அதே கழுதை. உதைக்கும், ஆனா நிக்காது."

சிக்கனமான முடிவுதான். தெரிஞ்ச துப்பாக்கி, புதுப் பயிற்சி வேண்டாம், ஆலை நம்மகிட்ட இருக்கு. ஆனா 1930-கள் வடிவமைப்பு இன்னும் பல பத்தாண்டுகள் சிப்பாயின் தோளில் உக்காந்தது.

தேர்வு மூன்று: எடையைக் குறைச்ச கதை

அப்பா சாம்பிள் செக்‌ஷன்ல அடிக்கடி ஒரு விஷயம் சொல்வார். வெளிநாட்டு பையர் வந்து, ஷூ சூப்பர், ஒரு ஐம்பது கிராம் குறைச்சுக் கொடுங்கன்னு கேப்பாராம். குறைக்கலாம். சோலைக் குறைச்சா சீக்கிரம் தேயும். லைனிங்கைக் குறைச்சா கடிக்கும். எங்கேயாவது எடுத்தா எங்கேயாவது விடணும். அதனால் ஆளைப் போட்டுக்கிட்டு நடக்கச் சொல்லிப் பாக்காம எந்த சாம்பிளும் ஓகே ஆகாது.

துப்பாக்கியிலும் அதேதான். 7.62 குண்டு ஒண்ணு சுமார் 24 கிராம். 5.56 குண்டு சுமார் 12 கிராம். 500 குண்டு எடுத்துக்கிட்டா 12 கிலோவுக்குப் பதிலா 6 கிலோ. அதே எடைக்கு ரெண்டு மடங்கு குண்டு தூக்கலாம். உலகமே அந்தப் பக்கம் போனபோது நாமும் போனோம். புனேயில் இருக்கிற ஆயுத ஆராய்ச்சி நிறுவனம் ஏ.ஆர்.டி.இ. இன்சாஸ் குடும்பத்தை வடிவமைச்சது. ஒரு ரைஃபிள், அதே உள்ளுறுப்பில் ஒரு எல்.எம்.ஜி. எல்.எம்.ஜி. எடை 6 கிலோ சொச்சம்தான். 1998 குடியரசு தின அணிவகுப்பில் இன்சாஸ் நாட்டுக்கு முன்னால் வந்தது.

அடுத்த வருஷமே கார்கில். மலை உச்சியில், உறைபனியில், இன்சாஸ் ரைஃபிள் பத்திப் புகார்கள் எழுந்தன. பிளாஸ்டிக் மேகசின் குளிரில் விரிசல் விட்டது, ஜாம் ஆனது, சுடும்போது எண்ணெய் கண்ணில் தெறிச்சது என்று. குறைகளைச் சரிசெய்யும் வேலை பின்னால் நடந்தது. எல்.எம்.ஜி.க்கு வேறொரு குறையும் இருந்தது. அதன் மேகசினில் 30 குண்டு. விடாம சுட்டு எதிரியை அமுக்க வேண்டிய துப்பாக்கி, சில விநாடிக்கு ஒருமுறை மேகசின் மாத்த நிக்கணும். பெல்ட்டில் குண்டு ஓடுற துப்பாக்கிக்கு அந்த நிறுத்தம் கிடையாது. தூரத்தில் அடிக்கிற பலமும் 5.56-ல் குறைவு.

நம்ம வடிவமைப்பு, நம்ம ஆலை, எடையும் குறைவு. எல்லாம் சரி. ஆனா எங்கேயோ எடுத்ததுக்கு எங்கேயோ விட்டிருந்தோம்.

தேர்வு நான்கு: 16,479

புது எல்.எம்.ஜி. வாங்குற முயற்சி இழுத்துக்கிட்டே போச்சு. சோதனை எல்லாம் முடிஞ்ச ஒரு டெண்டரை 2017-ல் ரத்து பண்ணிட்டாங்க. காரணம், கடைசியில் ஒரே ஒரு கம்பெனிதான் மிஞ்சியது. ஒரே ஆள் போட்டியில் விலை நியாயமான்னு எப்படித் தெரியும்? விதிமுறைப்படி யோசிச்சா அதுவும் சரிதான். ஆனா எல்லையில் நிக்கிற செக்‌ஷனுக்கு அந்த வருஷமும் பழைய துப்பாக்கியே.

2018 பிப்ரவரியில் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் அவசர வழியில் எல்.எம்.ஜி. வாங்க 1,819 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. 2020 மார்ச் 19-ல் இஸ்ரேல் வெப்பன் இண்டஸ்ட்ரீஸோடு ஒப்பந்தம். 16,479 நெகெவ் துப்பாக்கி, 880 கோடி ரூபாய். வகுத்துப் பாத்தா ஒண்ணுக்கு சுமார் 5.3 லட்சம். குண்டு மறுபடியும் 7.62. பெல்ட். எடை 8 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ரத்தான டெண்டரில் கடைசியாக மிஞ்சியிருந்ததும் இதே கம்பெனிதான்.

கையெழுத்துப் போட்டு மூணு மாசத்தில், 2020 ஜூன் 15, கல்வான். கையில் துப்பாக்கி வர ஆரம்பிச்சது 2021-ல்.

கல்வானில் அந்த ராத்திரி துப்பாக்கிச் சூடு நடக்கல, அதனால் இந்தத் துப்பாக்கி இருந்திருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்னு நான் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் அந்தக் குளிர்காலம் முழுக்க லடாக்கில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் எதிரெதிரே நின்னாங்க. அப்போ கையில் என்ன இருந்தது என்பது ரொம்ப நிஜமான கேள்வி.

இந்த நாலு தேர்வையும் வரிசையா வெச்சுப் பாத்தா எனக்குத் தோணுறது இதுதான். ஒரு தடவைகூட 'எது சிறந்த துப்பாக்கி' என்ற கேள்வி மட்டும் தனியா முடிவு பண்ணல. 1930-களில் எது தயாரா இருக்கு என்பது முடிவு பண்ணுச்சு. 60-களில் ஏற்கனவே என்ன இருக்கு என்பது. 90-களில் எதை நாமே வடிவமைக்க முடியும் என்பது. 2020-ல் எது சீக்கிரம் வரும் என்பது. எந்தக் காரணமும் முட்டாள்தனம் இல்ல. சொந்த ஆலையும் ஒரு பலம்தான், டன்கர்க் அதைக் காட்டுச்சு. ஆனா முடிவு தப்பானாலோ தாமதமானாலோ அதைச் சுமக்குறது மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவங்க இல்ல. நம்பர் ஒன்னும் நம்பர் டூவும்தான்.

இந்த எபிசோடுக்காகப் போன மாசம் தாத்தாகிட்ட போன்ல நெகெவ் வீடியோ காட்டினேன். நிமிஷத்துக்கு எத்தனை ரவுண்டு சுடும்னு நான் சொல்ல ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்திட்டார். மூணு கேள்வி கேட்டார்.

"எத்தினி கிலோ?"

எட்டுக்குக் கொஞ்சம் கம்மி தாத்தா.

"பேரல் மாத்தலாமா?"

மாத்தலாம்.

"அந்த பெல்ட்டு எல்லாம் யாரு தூக்கறது?"

நான் யோசிச்சேன். நம்பர் டூ தானே தாத்தா.

"ஆங். அவனைக் கேட்டாங்களா?"

எனக்குப் பதில் தெரியல. அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு அப்பதான் உள்ள வந்தார், இன்னா பேசினு இருக்கீங்கன்னு கேட்டுக்கிட்டே. தாத்தா போனை அவர்கிட்ட நீட்டி, "புது சாம்பிள் வந்துகீது, பாரு" என்றார்.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ ராணுவத்துல இருந்தவங்க யாராவது இருந்தா, அவங்க என்ன துப்பாக்கி தூக்கினாங்கன்னு கேளுங்க. மெடல் கதையை அப்புறம் கேக்கலாம், முதல்ல எடையைக் கேளுங்க. அவங்க சம்மதிச்சா ரெக்கார்ட் பண்ணி எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.